பூசைக்குப் போன கிணறு

அத்தியாயம் பதினேழு

போன கிழமை தியாகராசாவைத் தோட்டத்துக் கிணற்றடியில் நிறுத்திவிட்டுத்தான் நான் பேனாவை மூடினேன். ஏழு நாளாக மனிதர் அங்கேயே நிற்கிறாரே, ஒரு கல்லிலாவது இருத்திவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். சரி அம்மா, கோபிக்க வேண்டாம். இன்றைக்கு அவரை நடக்க வைக்கிறேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும் நாலு வரி சொல்லிவிடுகிறேன். தியாகராசா புத்தூரில் வெங்காயத் தோட்டக்காரர். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்தின் நடுவில் கிணறு. இரண்டு காணி தள்ளி, தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்கிற கொம்பனி ஒன்று ஆழமான குழாய்க்கிணறு போட அனுமதி கேட்டிருக்கிறது. செவ்வாயும் புதனும் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை சோதனைக்காக இறைத்தும் பார்த்துவிட்டார்கள். அந்த இறைப்பில் பக்கத்துக் கிணறுகள் இறங்கினவா இல்லையா என்பதை வைத்து, வியாழன் மூன்று மணிக்குக் விவசாயத்துக்குப் பொறுப்பான கமநல சேவை நிலையத்தில் முடிவு சொல்லப் போகிறார்கள்.

இறங்கினது என்று தியாகராசாவுக்குத் தெரியும். எந்நாளும் தண்ணீருக்குள் நிற்கிற நாலாம் கல் கிணற்றுச் சுவரில் வெளியே தெரிந்ததைக் கண்ணாலே பார்த்தவர். ஆனால் கண்ணாலே பார்த்ததைக் கூட்டத்தில் வைக்க முடியாது. இலக்கம் வேண்டும்.

இலக்கம் அவர் வீட்டிலேயே இருக்கிறது. மகன் மயூரதன் நோர்வேக்குப் போகுமுன் கிணற்றுக்குள் சுண்டுவிரல் அளவில் ஒரு கருவியை இறக்கிவிட்டுப் போனான். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அது சொல்லும். முன்னறையில் இருக்கிற சேர்வர் என்ற கணினிப் பெட்டி அதைக் கேட்டு எழுதி வைக்கும்.

மகன் போன கதை பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். மூன்று வருசத்துக்கு முன் கிணற்றடியில் அப்பாவும் மகனும் மோதிக்கொண்டார்கள். "போறவன் போ. ஆனா இனி என்ரை கிணத்துப் பக்கம் எட்டியும் பாக்கக் கூடாது" என்று தியாகராசா சொன்னதுதான் இருவருக்கும் இடையில் கடைசிக் கதை. மயூரதன் ஞாயிற்றுக்கிழமைகளில் தாயோடு மட்டும் போனில் கதைப்பான். போன் அடித்தால் தியாகராசா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம். அன்றைக்கு விஜயதசமி.

விடிய ஆறரைக்குக் கொழும்பு பஸ் வினோஜாவைச் சந்தியில் இறக்கிவிட்டது. இவள் மயூரதனின் தங்கை. யாழ்ப்பாணத்தில் ஒரு கணினி அலுவலகத்தில் சேர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. கம்பஸ் முடித்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வேலைப் பயிற்சி என்று கொழும்புக்குப் போய் நாலு நாள்.

அப்பா படலையடியிலேயே நின்றார். வந்ததும் வராததுமாகக் கேட்டார், கிணற்றுக் கணக்கைக் கடதாசியில் எடுத்துத் தர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று. பத்து நிமிசம் அப்பா, முதல் ஒரு தேத்தண்ணி குடிக்க விடுங்கோ என்று சொல்லிவிட்டு அவள் முன்னறைக்குள் போனாள்.

அங்கே சேர்வர் வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய கறுப்பு ஹார்ட் டிஸ்கைத்தான் காணவில்லை. அதைச் சேர்வரோடு இணைத்துப் பூட்டுகிற வயர் மேசை விளிம்பில் சும்மா தொங்கியது.

வினோஜா வயரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள்.

ஜெயகௌரி அடுப்படியில் அவலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. சாமியறையைக் கையால் காட்டினார்.

அங்கே கும்பத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, வருசா வருசம் வைப்பதுபோல் எல்லாம் வைக்கப்பட்டிருந்தது. வினோஜாவின் சேட்டிபிக்கற் கோவை, திருமுறைப் புத்தகம், தியாகராசாவின் மண்வெட்டி, இறைப்பு மெசினைத் திறந்து ஓட்டுகிற திறப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு நந்தியாவட்டைப் பூவோடு, அந்தக் கறுப்பு டிஸ்க்.

"ஏன் அம்மா கழட்டினனீங்கள்?"

"சரஸ்வதி பூசைக்குப் பிள்ளை. திங்கள் பின்னேரம் ஏடு வைக்கேக்கை வைச்சனான். நீ தானே சொன்னனீ, எழுத்தெல்லாம் உதுக்குள்ளைதான் இருக்கெண்டு."

சொல்லியிருந்தாள். போன மாதம் தூசி தட்டும்போது அம்மா கேட்க, பெரிய பெட்டி கை மாதிரி, சின்னப் பெட்டிதான் அது எழுதுகிற கொப்பி என்று அவளே விளங்கப்படுத்தியிருந்தாள். ஜெயகௌரி அதை வைத்துத் தெளிவாக யோசித்திருக்கிறார். கொப்பி என்றால் ஏடு. ஏடு என்றால் சரஸ்வதிக்கு முன்னால் இருக்க வேண்டும். கைக்கு ஓய்வு கொடுத்தால் கிணற்று வேலை நின்றுவிடும், அதனால் கையை விட்டுவிட்டார். தம்பி சொல்லித்தந்த மாதிரி முறையாகத்தான் செய்தேன் என்றார். தம்பி என்றால் மயூரதன். முதலில் பொத்தானை அமத்தி, வெளிச்சம் அணைந்து நூருமட்டும் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு டிஸ்கைக் கழற்றி, மேசையைத் துடைத்து, திரும்ப மெசினைப் போட்டுவிட்டுத்தான் போனாராம்.

இதில் எங்கே பிழை கண்டுபிடிக்கச் சொல்கிறீர்கள்? நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஆனால் வினோஜா கதிரையில் இருந்துவிட்டாள். கொப்பி இல்லாத கை எதில் எழுதியிருக்கும்? திங்கள் பின்னேரம் முதல் வியாழன் காலை வரை ஒன்றுமே இருக்காது. கொம்பனி இறைத்த அதே இரண்டு நாள். திரையைத் திறந்து பார்க்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

டிஸ்கைத் தாருங்கோ என்று கேட்டாள். பூசை முடியாமல் எடுக்கக் கூடாது என்று ஜெயகௌரி சொன்னார். அதில் மாற்றமில்லை. ஒன்பதரைக்குத்தான் முடியும்.

இந்த இடைவேளையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சேர்வருக்குள் இருக்கிற இந்த லினக்ஸ் கொன்ரெய்னர் என்ற சங்கதியை ஒரு பிள்ளை எனக்கு விளங்கப்படுத்திய அன்று, நான் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

வெளியே பார்த்தால் ஒரே ஒரு பெட்டி. உள்ளே தனித்தனி அறைகள், அவைதான் கொன்ரெய்னர்கள். தியாகராசா வீட்டுச் சேர்வரில் மூன்று அறை. ஒன்றில் குடும்பப் படங்கள், ஒன்றில் பிள்ளையார் கோயில் திருவிழா ஒளிபரப்பு, மூன்றாவது கிணறு. ஒவ்வொரு அறையும் தன்னை ஒரு முழு வீடு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். பக்கத்து அறை இருப்பதே அதற்குத் தெரியாது.

அதைவிட அதிசயம், அறையின் சாமான்கள் அறைக்குள் இருக்க வேண்டும் என்றில்லை. உன் சாமான் வைக்கிற இடம் இது என்று பெட்டி ஒரு பெயரை மட்டும் சொல்லிவிடும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பெட்டியின் சொந்த வயிறா, வெளியே பூட்டிய டிஸ்கா என்று அறை கேட்பதே இல்லை. சொன்ன இடத்தில் கொண்டுபோய் வைக்கும். கிணற்று அறைக்கு மயூரதன் சொல்லிவைத்த இடம் அந்தக் கறுப்பு டிஸ்க். எங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

பூசை முடிந்தது. ஜெயகௌரி டிஸ்கைக் கண்ணில் ஒற்றி மகளிடம் கொடுத்தார். வினோஜா சந்தனத்தைத் துடைத்து, மெசினை நிற்பாட்டி, டிஸ்கைப் பூட்டி, மறுபடி போட்டாள். கிணற்றுக் கணக்கைத் திறந்தாள்.

திங்கள் பின்னேரம் ஐந்து முப்பத்தைந்து வரை ஒழுங்காக வந்த கோடு அங்கேயே அறுந்திருந்தது. அடுத்த புள்ளி வியாழன் ஒன்பது ஐம்பது. நடுவில் வெறும் வெள்ளை.

தியாகராசா அவளுக்குப் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. அவருக்குக் கோடு வாசிக்கத் தெரியும். வெள்ளையையும் வாசிக்கத் தெரிந்தது. ஒரு வார்த்தை ஏசவில்லை. சொல்லிப்போட்டுச் செய்திருக்கலாம் என்று மட்டும் மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அந்தக் கிணறு போனால் அந்தத் தோட்டம் இல்லை. சுண்ணக்கல்லுக்குக் கீழே உள்ள நல்ல தண்ணீரை ஆழக் குழாய் உறிஞ்சினால், இடத்தை நிரப்ப உப்புத் தண்ணீர் ஏறும். உப்பு ஏறிய கிணற்றை வைத்து வெங்காயம் நட்டவனை நான் இன்னும் காணவில்லை. முப்பது வருசம் குனிந்து நிமிர்ந்த மண் அவருக்கு.

ஜெயகௌரி மேசையின் கரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. அழுதாலும் பரவாயில்லை என்று வினோஜாவுக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ சமையலில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார்.

"அப்ப அது மூண்டு நாளும் எங்கை எழுதினது?"

"எங்கையும் எழுதேல்லை அம்மா. கொப்பி இல்லையே."

"இல்லைப் பிள்ளை, எழுதினது. நான் விளக்கேத்தப் போகேக்கையெல்லாம் பாத்தனான். தண்ணி பாக்கிற நேரத்துக்கு உந்தப் பெட்டியின்ரை பச்சை வெளிச்சம் மின்னிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாளும் பிந்தேல்லை."

வினோஜா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கதிரையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

கிணற்று அறையின் குறிப்புகளைத் திறந்தாள். அங்கே ஒரு புகாரும் இல்லை. திங்கள் இரவு, செவ்வாய், புதன், ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம், எழுதியாயிற்று, எழுதியாயிற்று, எழுதியாயிற்று. இடம் இல்லை என்று அது ஒரு தரமாவது முறையிடவில்லை. சொன்ன பெயரில் கொண்டுபோய் வைத்ததாக அது சத்தியம் செய்தது.

அடுத்து பெட்டியின் சொந்த வயிற்றைப் பார்த்தாள். திங்களில் இருந்து அது நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்திருந்தது.

இதை அவள் பாடமாகப் படித்திருக்கிறாள், சோதனையிலும் எழுதியிருக்கிறாள். தன் வீட்டு மேசையில் நடக்கும் என்று நினைக்கவில்லை.

டிஸ்கைப் பூட்டுகிற இடம் என்பது பெட்டிக்குள்ளே ஒரு வெறும் கோப்புறை. டிஸ்க் பூட்டியிருக்கும்போது அந்தப் பெயரைத் தட்டினால் டிஸ்க் திறக்கும். டிஸ்க் இல்லாவிட்டால் அதே பெயருக்கு அந்த வெறும் கோப்புறை திறக்கும். அம்மா கொப்பியைப் பூசைக்கு எடுத்துப் போன பிறகு, கிணற்று அறை அதே வாசலில் போய், அதே பெயரைச் சொல்லி, கீழே இருந்த வெறுந்தரையில் மூன்று நாளும் எழுதியிருக்கிறது. இன்று அவள் டிஸ்கைப் பூட்டியபோது, விரித்த பாயின் மேல் இன்னொரு பாயை விரித்ததுபோல், அது மறைந்துவிட்டது.

கிணற்று அறையை நிற்பாட்டினாள். டிஸ்கை அந்த இடத்திலிருந்து விலகச் சொல்லிக் கட்டளை அடித்தாள். பிறகு அதே பெயரைத் தட்டினாள்.

கோப்புறை வெறுமையாக இல்லை. உள்ளே ஒரே ஒரு கோப்பு. தொடங்கியது திங்கள் ஐந்து ஐம்பது. முடிந்தது வியாழன் ஒன்பது நாற்பது. இடையில் ஒரு புள்ளி குறையவில்லை.

வினோஜா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் திரையைக் காட்டினாள். ஜெயகௌரி இலக்கங்களைப் பார்த்தார். ஒரு இலக்கமும் விளங்கவில்லை, விளங்க வேண்டியது விளங்கிவிட்டது. சாமியறைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கீழை இருந்ததோ?"

"ஓம் அம்மா. அதே இடத்திலைதான். கீழை."

அப்பாவைக் கூப்பிட ஜெயகௌரி செருப்பில்லாமல் ஓடினார்.

கடதாசி வந்தது. செவ்வாய் காலை எட்டு மணிக்குக் கோடு இறங்கத் தொடங்கியிருந்தது. பின்னேரம் நாலுக்கு நின்று, இரவெல்லாம் மெல்ல மெல்ல ஏறி, புதன் எட்டுக்கு மறுபடி இறங்கியது. தியாகராசா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, போய் வந்து, போய் வந்து பார்த்தார். தான் வெளியே நின்று பார்த்த தண்ணீர் உள்ளே இருந்து கதைப்பதுபோல் அவருக்கு இருந்திருக்க வேண்டும். நாலாம் கல்லு தெரிஞ்சது எண்டு நான் சொன்னனான் தானே என்றார், யாரும் மறுக்காத வீட்டில்.

மூன்று மணிக் கூட்டத்தை நான் நீட்டப் போவதில்லை. கமக்காரர் அமைப்பின் தலைவர் செல்வரட்ணம் கடதாசியை வாங்கி உத்தியோகத்தர் முன்னால் வைத்தார். கொம்பனிக்காரர் படித்த ஆள், கெட்டிக்காரர். இரண்டு கேள்வி கேட்டார். கிணறு இறங்கியது உங்களுடைய சொந்த இறைப்பால் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? மற்றது, வருசக் கணக்கெல்லாம் ஒரு கோப்பில் இருக்க, இந்த மூன்று நாள் மட்டும் ஏன் வேறோர் இடத்தில் இருந்து வந்தது?

இரண்டாவது கேள்விக்குச் சபை அசைந்தது. இட்டுக்கட்டிய கணக்கு என்று மனிதர் நேரே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தியாகராசா எழும்பினார். மேடையில் கதைத்துப் பழகாதவர். சால்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இரண்டுக்கும் ஒரே மறுமொழிதான். நேற்று ஆயுத பூசை. ஊரிலை ஒரு தோட்டத்து மெசினும் ஓடேல்லை. என்ரை மெசின் திறப்பு பூசையிலை இருந்தது. மண்வெட்டி பூசையிலை இருந்தது. உந்தக் கணக்கெழுதிற கொப்பியையும் என்ரை மனுசி பூசைக்கு வைச்சிட்டா. அதாலைதான் வேறை இடத்திலை எழுதினது."

பின்வரிசையில் சிரிப்பு எழும்பியது. ஓம் ஐயா, எங்கடை திறப்பும் பூசையிலைதான் என்று நாலைந்து குரல் வந்தது. நான் கேட்கிறேன், செவ்வாய்க்கிழமையை வேண்டுமானால் விட்டுவிடுங்கள், புதன்கிழமையை என்ன செய்வீர்கள்? வலிகாமப் பகுதியில் ஒருவரும் கையால் இறைக்கிற துலாவைக்கூடத் தொடாத நாளில் அந்தக் கிணறு காலை எட்டு மணிக்கு இறங்கி, பின்னேரம் நாலு மணிக்கு நின்றிருக்கிறது.

உத்தியோகத்தர் தலையைக் குனிந்து ஏதோ கூட்டிக் கழித்துப் பார்க்கக் கல்குலேற்றரை எடுத்தார். அதன் நெற்றியில் காய்ந்த சந்தனமும் ஒரு குங்குமப் பொட்டும் இருந்தன. முன்வரிசை அதைக் கண்டது. அவரும் கண்டார். வாய்க்குள் சிரித்துக்கொண்டு விரலால் மூடினார்.

குழாய்க்கிணற்றுக்கு அனுமதி இல்லை என்று எழுத்தில் தருவதாகச் சொல்லி நாலேகாலுக்குக் கூட்டம் கலைந்தது. செல்வரட்ணம் தியாகு அண்ணை, தியாகு அண்ணை என்று தோளைத் தட்டித் தட்டி வீதி வரைக்கும் வந்தார்.

இத்தோடு முடித்திருந்தால் எனக்கும் சுகம். ஆனால் வினோஜா வேலை தெரிந்த பிள்ளை. ஓட்டையைக் கண்டால் அடைக்காமல் படுக்க மாட்டாள்.

ஐந்தரைக்கு அவள் மறுபடி சேர்வருக்கு முன்னால் இருந்தாள். மூன்று நாள் கோப்பைப் பழைய கணக்கோடு பொருத்தினாள். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. அம்மா வருசா வருசம்தானே பூசை வைக்கிறார். போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் இவள் கம்பசில் இருந்தாள். அந்த மூன்று நாட்களையும் தேடிப் பார்த்தாள். வெள்ளை இல்லை. கோடு ஒழுங்காகப் போயிருந்தது. யாரோ இரண்டையும் எடுத்து, தையல் தெரியாமல் பொருத்தியிருந்தார்கள்.

"அம்மா, போன வருசமும் டிஸ்கை எடுத்தனீங்களோ?"

"ஓம், ஒவ்வொரு வருசமும்தான். தம்பி இஞ்சை இருக்கேக்கையே எடுக்கிறனான். முதல் வருசம் உந்த மெசின் கிணத்தைத் திறக்க மாட்டன் எண்டு நிண்டிட்டுது எண்டு அவன் குதிச்சவன். இப்ப ஒண்டும் சொல்லிறேல்லை. போன ஞாயிறும் கேட்டவன், எண்டைக்கம்மா ஏடு வைக்கிறியள் எண்டு. வருசா வருசம் கேப்பான்."

வினோஜா அறைகளின் செற்றிங்ஸ் எழுதியிருக்கும் கோப்பைத் திறந்தாள். அவள் சேர்க்க நினைத்தது ஒரே ஒரு வரி. டிஸ்க் பூட்டியிருந்தால் மட்டும் கிணற்று அறையைத் திற, இல்லாவிட்டால் திறக்காதே. ஒழுங்கான ஆள் எவரும் அந்த வரியை விடமாட்டார். அண்ணை எப்படி விட்டான் என்று காலையில் இருந்து அவளுக்கு ஒரு கோபம் இருந்தது.

அண்ணை விடவில்லை. வரி அங்கே இருந்தது. அதற்கு முன்னால் ஒரு # குறி போட்டிருந்தது. அந்தக் குறி போட்ட வரியை இயந்திரம் வாசிக்காமல் தாண்டிப் போகும். மனிதர் மட்டும் வாசிக்கலாம்.

அதற்கு மேலே, அதே குறியோடு, தமிழில் இரண்டு வரி.

# அம்மா பூசைக்கு எடுப்பா. அந்த மூண்டு நாளும் கிணறு நிக்காமல் எழுதட்டும்.

# விஜயதசமி பின்னேரம் வந்து இதைத் திருப்பிப் போட்டு, கணக்கைப் பொருத்த வேணும்.

கீழே அந்த வரியை எடுத்த, திருப்பிப் போட்ட திகதிகள். மூன்று வருசத்துக்கு மூன்று சோடி. எடுத்தது, போட்டது. எடுத்தது, போட்டது. மூன்றாவதில் எடுத்தது என்று போன ஞாயிற்றுக்கிழமைத் திகதி இருந்தது. போட்டது என்ற இடம் இன்னும் வெறுமையாக இருந்தது.

வினோஜா அதை எத்தனை தரம் வாசித்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டிக்குள் யார் யார் வந்து போனார்கள் என்ற பதிவையும் திறந்தாள். அவள் இதுவரை அதைப் பார்க்க வேண்டி வரவில்லை. பக்கம் பக்கமாக ஒரே பெயர். மூன்று வருசமாக, ஒருநாள் விடாமல், காலை ஒன்பதரைக்கு. நோர்வேயில் அப்போது விடிகிற நேரம். வருவான், கிணற்றைப் பார்ப்பான், போய்விடுவான். இரண்டு நிமிசம்கூட இல்லை.

அப்பாவைக் கூப்பிட்டாள். தியாகராசா கூட்டத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. அவள் வாசித்துக் காட்டினாள், முதலில் அந்த இரண்டு வரி, பிறகு திகதிகள், பிறகு ஒன்பதரைகள். ஜெயகௌரி வாசலில் நின்று கேட்டார்.

தியாகராசா கோபக்காரர், நானும் பதினாறு அத்தியாயமாக அவரை அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். இன்றைக்கு அந்த முகத்தில் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. கோயில் கொடியேறும்போது கையெடுக்க மறந்து நிற்பார்களே சிலர், அப்படி நின்றார்.

"எட்டியும் பாக்கக் கூடாதெண்டு சொன்னனான்" என்றார், யாரிடமோ.

அந்த நேரம் திரையின் மூலையில் ஒரு மாற்றம். பெட்டிக்குள் இப்போது நிற்பவர்கள் என்ற இடத்தில் இதுவரை வினோஜாவின் பெயர் மட்டும் இருந்தது. இப்போது அதன் கீழே இரண்டாவது பெயர். மயூரதன்.

விஜயதசமி பின்னேரம் ஆறு மணி ஐந்து நிமிடம்.

"அவன் இப்ப உள்ளுக்கை நிக்கிறானோ?"

"ஓம் அப்பா. வரியைத் திருப்பிப் போட வந்திருக்கிறான்."

"நாங்கள் நிக்கிறது அவனுக்குத் தெரியுமோ?"

"என்ரை பேர் தெரியும்."

உள்ளே நிற்கிற ஆளுக்கு ஒரு வரி எழுதி அனுப்ப இந்த லினக்சில் பழைய வழி ஒன்று இருக்கிறது. வினோஜா விசையில் கையை வைத்துக்கொண்டு, என்ன எழுத என்று கேட்டாள். ஜெயகௌரி ஏதோ சொல்ல வாயெடுத்து, கணவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தியாகராசா யன்னலால் கிணற்றடியைப் பார்த்தார். அங்கே இருட்டிக்கொண்டு வந்தது. கட்டு தெரிந்தது, தண்ணீர் தெரியவில்லை. அவர் கதிரையை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். மூன்று வருசத்தில் அந்த மேசைக்கு முன்னால் அவர் இருப்பது இதுதான் முதல் தரம்.

"கிணத்திலை தண்ணி எவ்வளவு நிக்குதெண்டு கேள்" என்றார்.

வினோஜா அப்படியே அடித்தாள். அனுப்புமுன் இன்னும் இரண்டு சொல் சேர்த்தாள். அப்பா கேக்கிறார்.

வரி போய்விட்டது. பச்சை வெளிச்சம் ஒருமுறை மின்னியது. இரண்டாவது பெயர் திரையில் அசையாமல் நின்றது, மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.